பாலாலயம் இல்லாத தெய்வம்

ஒரு தெய்வத்தின் வீடு எந்த இடத்தில் முடிகிறது? 2013 ஏப்ரல் 18 அன்று இந்தியாவின் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய இந்தக் கேள்வியைத்தான் ஒடிசாவின் மலைக் கிராமங்களுக்கு அனுப்பி வைத்தது. நியம்கிரி மலைகளில் நியம் ராஜா குடியிருக்கிறார் என்பது டோங்ரியா கோந்த் மக்களின் நம்பிக்கை. அவருடைய உச்சி என்று ஆவணங்கள் குறிப்பிட்ட இடத்துக்கும், பாக்சைட் சுரங்கம் வரவிருந்த நியம் டோங்கர் மலைக்கும் நடுவே பத்து கிலோமீட்டர். அங்கே தோண்டினால் இங்கே இருப்பவருக்கு ஏதாவது ஆகுமா? கிராம சபைகள் கூடிச் சொல்லட்டும் என்றது நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், கே.எஸ். ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகோய் அமர்வு.

நீதிமன்றம் இறையியல் பேசும் நோக்கத்தோடு அந்த வழக்கை எடுக்கவில்லை. மலையடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலை ஏற்கெனவே எழும்பிவிட்டது. அதற்குத் தீனி வேண்டும். மலை மேல் ஏழு கோடி டன்னுக்கும் அதிகமான பாக்சைட் இருந்தது. 660 ஹெக்டேர் வன நிலத்தைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிட 2008இல் இதே உச்ச நீதிமன்றம் அனுமதியும் கொடுத்திருந்தது. காட்டின் நிகர மதிப்புக்கு 55 கோடி ரூபாய், வனவிலங்கு மேலாண்மைக்கு 50.53 கோடி, வட்டார மேம்பாட்டுக்கு ஆண்டு லாபத்தில் 5 சதவீதம் அல்லது 10 கோடி, இவற்றில் எது அதிகமோ அது. கணக்கு சுத்தமாகத்தான் இருந்தது. 2010இல் என்.சி. சக்சேனா குழு மலைக்குப் போய்வந்து எழுதிய அறிக்கைதான் அதைக் கலைத்தது. வன உரிமைச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று குழு சொல்ல, அந்த ஆகஸ்டிலேயே அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் இறுதி அனுமதியை மறுத்தார். ஒடிசா சுரங்கக் கழகம் வழக்குப் போட்டது. அந்த வழக்கில்தான் நியம் ராஜாவின் முகவரி விசாரணைக்கு வந்தது.

நியம் டோங்கரின் உச்சி தட்டையானது. பாக்சைட் படிந்த மலைகள் பெரும்பாலும் அப்படித்தான். மழை கொட்டும் மாதங்களில் அந்த மேல்படுகை தண்ணீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு, கோடை முழுக்கச் சரிவுகளில் ஊற்றாகக் கசியவிடுகிறது. ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கும், அவற்றை ஒட்டி அடர்ந்த காடு நிற்பதற்கும் அதுவே காரணம். டோங்ரியாக்கள் சரிவுகளில் அன்னாசி, இஞ்சி, மஞ்சள், பலா விளைவிக்கிறார்கள். மேலே கை வைப்பதில்லை. உச்சியில் மரம் வெட்டக்கூடாது, அது ராஜாவுடையது. அலுமினிய நிறுவனத்தின் நிலவியலாளரும் டோங்ரியாப் பூசாரியும் ஒரே இடத்தைத்தான் விசேஷமானது என்று சுட்டியிருக்கிறார்கள். ஒருவர் அதை எடுக்கச் சொன்னார், மற்றவர் விடச் சொன்னார்.

மலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்க, மாநில அரசு பன்னிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்தது. 2013 ஜூலை 18 அன்று செர்காபாடியில் முதல் சபை, ஆகஸ்ட் 19 அன்று ஜரபாவில் கடைசி. மாவட்ட நீதிபதி தகுதியில் ஒருவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார். சில ஊர்கள் மிகச் சிறியவை. பெரியவர்கள் எல்லோரும் வந்தாலும் ஒரு சின்னக் கல்யாணக் கூட்டம்கூடச் சேராது. அவர்களிடம் கேட்கப்பட்டதோ நிலப்பட வேலை: உங்கள் வழிபாட்டிடம் எது, எங்கிருந்து எதுவரை? பதில்கள் நிலப்படத்துக்குள் அடங்கவில்லை. கல்லும் ஓடையும் மரமும் அவர்தான், மலைத்தொடர் முழுவதும் அவருடையதுதான் என்று ஊருக்கு ஊர் சொன்னார்கள். பன்னிரண்டு சபைகளும் ஒருமனதாகச் சுரங்கத்தை மறுத்தன. 2014 ஜனவரியில் மத்திய அரசும் திட்டத்தைக் கைவிட்டது.

டோங்ரியாக்கள் பேசும் குவி மொழி தமிழின் தூரத்துச் சொந்தம், திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த உறவுக்காக மட்டும் தமிழ் வாசகர் இந்த வழக்கைக் கவனிக்க வேண்டியதில்லை. இங்கே நடந்து முடிந்த ஒன்று அங்கே நடக்கவிருந்து நின்றிருக்கிறது. அதுதான் கவனிக்க வேண்டியது.

கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்குமுன் தமிழ்நாட்டுக் கோயில்களில் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியை மந்திரபூர்வமாகக் கும்பத்துக்கு இறக்கி, அத்திப் பலகையிலோ படத்திலோ எழுந்தருளச் செய்து, தற்காலிகச் சந்நிதியில் வைத்துப் பூஜை நடக்கும். கொத்தனார்கள் வேலையை முடித்ததும் பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவருவார்கள். ஆகமம் யோசித்து வகுத்த ஏற்பாடு. தெய்வத்துக்கு இடையூறு இல்லாமல் கட்டடத்தைச் செப்பனிட வேறு வழி இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பெரிய ஒப்புதல் இருக்கிறது: தெய்வம் வேறு, இடம் வேறு, உரிய மரியாதையோடு பிரித்தெடுக்கலாம்.

பிரித்தெடுக்கும் இந்தக் கேள்வி லண்டன்வரை போயிருக்கிறது. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில், பூஜை முறை தனக்கு வரும்போது குலதெய்வச் சிலையைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று பங்காளிகளுக்குள் வழக்கு. 1925இல் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பை இன்றும் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். சிலை வெறும் சாமான் இல்லை, சட்டத்தின் கண்ணில் அது ஒரு நபர். எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதற்கென்று ஒரு விருப்பம் உண்டு. அந்த விருப்பத்தை எடுத்துச்சொல்ல, சண்டையில் சேராத ஒருவர் அதன் சார்பில் வர வேண்டும். விக்கிரகத்துக்கே இவ்வளவு யோசித்த சட்டம் காட்டுக்கு என்ன யோசித்திருக்கிறது என்று பார்த்தால், ஈடுசெய் காடுவளர்ப்பு. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓரிடத்தில் காட்டை எடுத்தால் இன்னோரிடத்தில் நட்டுக்கொடுக்க வேண்டும், பணமும் கட்ட வேண்டும். பாலாலயத்தில் மூலவர் திரும்பி வருகிறார். இதில் யாரும் திரும்பி வருவதில்லை. முதிர்ந்த காட்டைத் தூக்கி வேறு மாவட்டத்தில் இறக்கிவைக்கும் மந்திரம் எந்த ஆகமத்திலும் கிடையாது, வனத்துறைச் சுற்றறிக்கையிலும் கிடையாது.

எது போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒடிசாவரை போக வேண்டாம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் ஐயனாரைச் சுற்றி நிற்பது சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் ஒரு துண்டு. வீரை, காசான், உலக்கைப்பாலை, குருந்து. பெரிய மரங்களாக அண்ணாந்து நிற்பவை இல்லை. குட்டையாக, முறுக்கேறி, கொடிகள் பின்னிக்கொண்டு, வைகாசி வெயிலிலும் இலை உதிர்க்காமல் நிற்பவை. காசானின் தண்டு ஒரு விரல் பருமன் கூடுவதற்கே பல ஆண்டு எடுத்துக்கொள்ளும். இந்த வகைக் காடு கடற்கரைச் சமவெளியில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. எஞ்சிய துண்டுகளில் கணிசமானவை சாமி இருப்பதால் தப்பியவை. சுள்ளி ஒடித்தால் கண் போகும், விறகு வெட்டினால் வீட்டில் கெடுதி நடக்கும் என்ற பயம், எந்த வனக் காவலரும் செய்யாத காவலைச் செய்திருக்கிறது.

அந்தப் பயம் போய்விட்டதால்தான் காடு போகிறது, நாத்திகமும் நகரமும் சேர்ந்து கோயில்காடுகளைத் தின்றுவிட்டன என்று மேடைகளில் வழக்கமாகப் பேசுகிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி சங்கடமானது. பல ஊர்களில் காட்டைச் சுருக்கியது பக்திதான். துபாயிலும் திருப்பூரிலும் சம்பாதித்தவர்கள் குலதெய்வத்துக்கு நன்றிக்கடன் செய்ய வந்தார்கள். வெயிலிலும் மழையிலும் நின்ற சாமிக்கு முதலில் ஒரு கூரை. பிறகு முன்மண்டபம், பொங்கல் வைக்க சிமென்ட் தளம், கிடாவெட்டு விருந்துக்குக் கொட்டகை, வேன் நிறுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மரம். யாரும் காட்டை அழிக்கவில்லை, எல்லோரும் கோயிலைக் கட்டினார்கள். குடகின் தேவரகாடுகளின் கதையைப் பதிவேடுகளே சொல்கின்றன: 1905இல் ஆறாயிரம் ஹெக்டேருக்கு மேல் இருந்தவை 1985இல் சுமார் 2,500 ஹெக்டேர். அங்கே காப்பித் தோட்டமும் ஆக்கிரமிப்பும் முக்கியக் காரணம், உண்மைதான். ஆனால் தேவன் அப்படியே இருக்க, காடு மட்டும் எப்படிக் கழன்றுபோக முடிந்தது? காடு அவருடைய உடம்பு இல்லை, வெறும் தோட்டம் என்று எப்போதோ மனதுக்குள் முடிவாகியிருக்க வேண்டும்.

பெரிய கோயில்களில் இந்த முடிவு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆகிவிட்டது. சிதம்பரம் தில்லை மரங்களின் வனம் என்பது தலபுராணம். இன்று தில்லையைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துச் சதுப்புக்குப் படகில் போக வேண்டும். மதுரை கடம்பவனம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பழைய கடம்ப மரத்தின் எச்சத்தைக் காப்பிட்டு வைத்திருக்கிறார்கள், பக்தர்கள் அதையும் கும்பிட்டுவிட்டு நகர்கிறார்கள். வனம் தலவிருட்சமாகி, தலவிருட்சம் அடிக்கட்டையாகிவிட்டது. வழிபாட்டில் ஒரு குறையும் இல்லை, அதுதான் விசித்திரம்.

இறைவன் எங்கும் நிறைந்தவன் என்ற உயர்ந்த கொள்கை இந்த இடத்தில் காட்டுக்கு உதவுவதில்லை. எங்கும் இருப்பவர் இங்கே இல்லாவிட்டாலும் குறைவில்லை. தூணிலும் துரும்பிலும் இருப்பவர் சுரங்கக் குழியிலும் இருப்பார். தத்துவமாக இது அசைக்க முடியாதது, புல்டோசருக்கு மிகவும் வசதியானதும்கூட. நியம் ராஜாவைப் போல ஒரே மலையில் மட்டும் இருக்கும் தெய்வத்தை, அத்வைதமோ சைவ சித்தாந்தமோ படித்தவர்கள் கொஞ்சம் கீழே வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத இடம் என்று ஒன்று உலகில் இருக்க வேண்டுமானால், அதை வற்புறுத்தும் தகுதி அந்தச் சின்னத் தெய்வத்துக்குத்தான் இருக்கிறது.

தமிழ் நாட்டார் தெய்வங்களும் பெயர்வதில்லையா? பெயர்கின்றன, பிடிமண்ணாக. பிழைக்கப் போன இடத்தில் சுடலைக்கோ அம்மனுக்கோ கோயில் எடுக்க, மூலத்தலத்தின் மண்ணை ஒரு பிடி முடிந்துகொண்டு போவார்கள். தெய்வம் அங்கேயும் இறங்கும். ஆனால் மண் இல்லாமல் இறங்காது என்பதுதான் இதில் விஷயம். எத்தனை ஊருக்குப் போனாலும் மூலத்தலம் மூலத்தலமாகவே இருக்கும். பெரிய கொடைக்கு அங்கேதான் திரும்ப வேண்டும். ஒரு பிடி எடுத்தால் குறையாத மண் அது. ஆண்டுக்கு முப்பது லட்சம் டன் எடுப்பதைப் பற்றி அந்த வழக்கத்தில் பேச்சே இல்லை.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், காரையாறு பகுதியில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை தோல் செருப்பு. புதுச் செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். இரவில் பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டில் காவல் சுற்றுகிறார், அதனால் சில நாளில் செருப்பு தேய்ந்துபோகும் என்பது நம்பிக்கை. சந்நிதியில் உட்கார்ந்திருக்கும் சாமி இல்லை, நடக்கிற சாமி. கால் போகும் இடமெல்லாம் அவருடைய எல்லை. இதே கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் காட்டுக்குள் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குகிறார்கள், சமைக்கிறார்கள், குப்பையைத் தாமிரபரணியில் விடுகிறார்கள். வனத்துறை நாள்களைக் குறைத்தால் வழிபாட்டு உரிமை என்று போராட்டம். பட்டவராயன் கதையை உச்சுக்கொட்டிக் கேட்பவர்களும் இவர்கள்தான். வழிபாட்டு உரிமை இருக்கட்டும், வழிபடப்படுபவரின் உரிமை என்ன என்று கேட்க ஒருவரும் இல்லை.

அமெரிக்காவில் இதே கேள்விக்கு வேறு பதில் கிடைத்தது. கலிபோர்னியாவின் வடக்கில் சிக்ஸ் ரிவர்ஸ் தேசிய வனத்தில், யுரோக், கருக், டோலோவா பழங்குடியினர் நோன்பிருந்து வேண்டச் செல்லும் சிம்னி ராக் பகுதியில் ஆறு மைல் சாலை போடவும் மரம் எடுக்கவும் வனத்துறை முடிவுசெய்தது. வனத்துறையே ஏற்பாடு செய்த ஆய்வு வேண்டாம் என்றது, துறை கேட்கவில்லை. 1988இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் நின்றது. சாலையால் அந்த வழிபாடே ஏறக்குறைய அழிந்துபோனாலும், யாரையும் அவர்களுடைய நம்பிக்கைக்கு விரோதமாக நடக்க அரசு கட்டாயப்படுத்தவில்லை, நிலமோ அரசுடையது என்பது நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதிய தீர்ப்பின் சாரம். மதம் மண்டைக்குள் இருப்பது, அங்கே யாரும் சாலை போடவில்லையே! கடைசியில் காட்டைக் காப்பாற்றியது மத உரிமை இல்லை, நாடாளுமன்றம். 1990இல் இயற்றிய சட்டத்தால் அந்தச் சாலைக்கான வழியே மூடப்பட்டது.

நியூசிலாந்து 2014இல் இன்னும் ஒரு படி போய், தூஹோய் மக்களின் தே உரேவேரா மழைக்காட்டைச் சட்டப்படி ஒரு நபராக்கிவிட்டது. அதுவரை தேசியப் பூங்காவாக இருந்த காடு இப்போது யாருக்கும் சொந்தமில்லை, தனக்குத்தானே சொந்தம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதியும் 2022இல் இயற்கை அன்னைக்கு உயிருள்ள நபரின் உரிமைகள் உண்டு என்று அறிவித்தார். வழக்கு என்னவோ மேகமலைப் பகுதியில் அரசு வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த ஓர் அலுவலர் தன் தண்டனையை எதிர்த்துப் போட்டது. அறிவிப்பு பெரிது, நடைமுறை மெல்ல வரும். வருவாய்த் துறையின் பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்று வகைகள் உண்டு. ஐயனாரின் காடு அதிகபட்சம் கோயில் புறம்போக்கு. கோயில் இருக்கும்வரை அந்தப் பதிவில் ஒரு பிழையும் இல்லை, மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தெய்வத்தை முன்னிறுத்திக் காடு காப்பதில் ஆபத்தும் இருக்கிறது. கோயில்காடு பலருக்குக் கதவடைத்த இடமும்கூட. எல்லைக்குள் இன்ன சாதி நுழையக்கூடாது, இன்ன வயதுப் பெண் வரக்கூடாது என்ற விதிகளும் மரம் வெட்டக்கூடாது என்ற விதியும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் உரித்தெடுத்துப் போற்றுவது நேர்மையில்லை. சாமி இல்லாத காடுகளின் கதி என்ன என்பது இன்னொரு கேள்வி. சாமியை மட்டும் முன்னிறுத்தாத ஊர்களும் உண்டு. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏல அறிவிப்பு வந்தபோது மக்கள் எல்லா மொழியிலும் பேசினார்கள்: குடைவரைச் சிவன், சமணப் படுக்கை, தமிழி எழுத்து, லகுடு வல்லூறு, ஊற்று, பாசனக் கண்மாய். ஏலம் எடுத்தது வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சிவன் வென்றாரா, வல்லூறு வென்றதா, கண்மாய் வென்றதா என்று பிரிக்க முடியாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அவை தனித்தனி வாதங்களாகவே பட்டிருக்காது.

டோங்ரியாக்கள் அந்தப் பன்னிரண்டு சபைகளில் செய்ததும் இதுதான். நீதிமன்றம் வழிபாட்டு உரிமை என்ற ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அவர்கள் அதன் வழியாக மருந்துச் செடி, ஓடை, சரிவில் விளையும் பயிர், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள். மத உரிமை எங்கே முடிந்து வாழ்வாதாரம் எங்கே தொடங்குகிறது என்று குறிப்பெழுதியவர்கள் திணறியிருக்க வேண்டும். தெய்வத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தால் அவருக்கு ஒரு மேடை, சுற்றிலும் கம்பிவேலி, வருடத்தில் இரண்டு நாள் திருவிழா அனுமதி எல்லாம் கிடைத்திருக்கும். மலை போயிருக்கும்.

2016இல் ஒடிசா சுரங்கக் கழகம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆலை வேறு மலைகளைப் பார்க்கத் தொடங்கியது. 2023இல் ராயகடா, காலாஹாண்டி மாவட்டங்களின் சிஜிமாலி மலை ஏலத்துக்கு வந்து வேதாந்தாவுக்குப் போனது. அங்கே குடியிருப்பவர் திஜ் ராஜா. கிராம சபைகள் சம்மதித்துத் தீர்மானம் போட்டதாக அரசுத் தாள்கள் சொல்கின்றன; அப்படிக் கூட்டமே நடக்கவில்லை, கையெழுத்துகள் போலி என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். தெய்வத்தின் வீடு எதுவரை என்ற பேச்சு இந்த மலையில் பின்னுக்குப் போய்விட்டது. சண்டை தீர்மானத்தில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்பதிலேயே நிற்கிறது.